எதிர்ப்பே இல்லாத ஒரு கருத்துக் கேட்பு

என் வாழ்க்கையில் முழு நடுநிலையோடு நடந்துகொள்வது என்று நான் முடிவு செய்த நாள் ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பாதி வீட்டுக்காரர்கள் என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்று என்னைக் கேள்வி கேட்டார்கள். அதற்கு முன்னால் நாற்பத்தாறு வருஷம் நான் பாரபட்சமாகவும் சோம்பேறியாகவும் இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நடுநிலை என்பது எல்லோர் உடம்புக்கும் ஒத்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

எங்கள் குடியிருப்பு ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மூன்று மாடி, இருபத்து நான்கு வீடுகள். ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு இன்டர்நெட் வயர் தொங்கி, நடைபாதைச் சுவரெல்லாம் துணி காயப்போடுகிற கொடி மாதிரி இருந்தது. இது சரிப்படாது என்று எல்லோரும் சேர்ந்து ஒரே பெரிய இணைப்பாக எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். பகலில் அது ராஜாவாக ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் படுத்துவிடும். ஏனென்றால் அப்போதுதான் பிள்ளைகள் விளையாட உட்காருவார்கள், பெரியவர்கள் படம் பார்க்க உட்காருவார்கள், முதல் மாடி ரங்கராஜன் சாருக்கு அமெரிக்காவில் விடியும். அவருடைய மேலாளர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்து போவார். உடனே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ரங்கராஜன் சார் எழுதுவார்: "மறுபடியும் நின்றுவிட்டது. செயலாளர் கவனிக்கவும்."

அந்தச் செயலாளர் நான்தான். (செயலாளர் தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒருவன் மட்டும் ஊரில் இல்லை. அதனால் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.)

எங்களுக்கு இணைப்பு கொடுத்திருந்த பாபு ஒரு வழி சொன்னார். பாபுவுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலையூரிலிருந்து ஏணியோடு வண்டியில் வருவார். "பொட்டி ஒண்ணு கீது சார். எந்த மிஷினு மொதல்ல போவணும், எது அப்பால போவணும்னு அதுல நாம சொல்லிக்கலாம்" என்றார். அதை வைத்து நான் ஒரு கொள்கை எழுதினேன். வீட்டுக்கு ஒரே ஒரு அலுவலகக் கம்ப்யூட்டரைப் பதிவு செய்துகொள்ளலாம். மாலை ஆறிலிருந்து பத்து வரை அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு முதலிடம். செல்போன், டிவி, டேப்லட் எல்லாம் மிச்சம் மீதியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கோயிலில் சிறப்பு தரிசனம், பொது தரிசனம் என்று இரண்டு வரிசை இருப்பது மாதிரிதான்.

இதைப் படிக்கட்டில் பார்க்கிறவர்களிடம் "என்ன சார், செய்யலாமா?" என்று கேட்டிருந்தாலே இரண்டு நாளில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. இணையப் போக்குவரத்தை எப்படி முறைப்படுத்துவது என்று அரசாங்கங்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டங்களைப் பற்றி எங்கேயோ நூறு பக்கம் படித்துவிட்டேன். அவ்வளவுதான், தலை கால் புரியவில்லை. நாமும் ஒரு பொதுக் கருத்துக் கேட்பு நடத்துவது, அதற்கு நானே தலைமை தாங்குவது என்று முடிவு செய்து, விதிமுறைகளை டைப் அடித்து லிஃப்ட்டுக்குள் ஒட்டினேன். ஒருவருக்கு மூன்று நிமிடம். குறுக்கே பேசக்கூடாது. தலைவரைத் தனியாகச் சந்தித்து யாரும் எதுவும் சொல்லக்கூடாது. மௌனமாக இருப்பவருக்கு எதிர்ப்பு இல்லை என்று பொருள். இந்தக் கடைசி விதியை எழுதிவிட்டு, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

இங்கே என் மனைவி கோமதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு அவள் வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகளோடு ஆரம்பித்தது. எல்லாம் அவளுடைய டேப்லட்டில்தான். அந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு மஸ்கட்டிலிருந்து பதினோரு குழந்தைகள் புதிதாக வரப்போகிறார்கள், அப்பா அம்மாக்களும் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கப்போகிறார்கள். வகுப்பு பிடித்துப்போனால் வருஷம் முழுக்க இவளிடம். பிடிக்கவில்லை என்றால் வேறு டீச்சர். ஒரு வாரமாகப் படம் வரைந்தும் பாட்டுக் கட்டியும் தயார் செய்துகொண்டிருந்தாள்.

நான் வைத்ததும் அதே சனிக்கிழமைதான். ஆறு மணிக்குக் கூட்டம், ஏழு மணிக்கு முடிந்துவிடும் என்று கணக்கு. அன்று காலை தோசை வார்த்துக்கொண்டே கோமதி கேட்டாள்: "ஏங்க, என் டேப்லட் எந்த வரிசைல வரும்?"

இதற்கு ஒரு சாதாரணப் புருஷன் என்ன சொல்லியிருப்பான்? "கவலைப்படாதே, உன் டேப்லட்டைப் பதிவு பண்ணிடறேன்" என்றிருப்பான். நான் சாதாரணப் புருஷன் இல்லையே, தலைவர். எங்கள் வீட்டின் அலுவலகக் கம்ப்யூட்டராக என் மடிக்கணினியைப் பதிவு செய்திருந்தேன். (எனக்கு அலுவலகம் ஐந்து மணிக்கே முடிந்துவிடும். ஆறிலிருந்து பத்து வரை அதில் நான் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பேன். இது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.) தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதைக் கூட்டத்தில் கேள், கோமதி. தலைவரிடம் தனியாகப் பேசுவது முறையில்லை" என்றேன்.

அவள் தோசைக் கரண்டியைப் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தலைவருக்கு இன்னொரு தோசை வேணுமா, இல்ல அதையும் கூட்டத்துல கேக்கட்டுமா?" என்றாள்.

சாயங்காலம் நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, ஏரி நேராக மேலேயிருந்து கொட்டுகிற மாதிரி. எங்களுக்குக் கூட்டம் போடுகிற இடம் மொட்டைமாடி ஒன்றுதான். உடனே நான் குழுவில் அறிவித்தேன்: கருத்துக் கேட்பு வீடியோ அழைப்பில் நடைபெறும், அனைவரும் தத்தம் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். ஜனநாயகத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமிதம். அடுத்த நிமிஷமே ஒரு பயமும் வந்தது. இருபத்து நான்கு வீடும் ஒரே நேரத்தில் வீடியோவில் வந்தால் கூட்டமே உறைந்து போகுமே, என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் என் மூளை அதன் உச்சத்தைத் தொட்டது. பாபுவைப் போனில் கூப்பிட்டு, அந்தப் பெட்டியில் புது ஏற்பாட்டை இப்போதே போட்டுவிடுங்கள் என்றேன்.

"இன்னா சார், அத்தப் போடலாமா வாணாமான்னு கேக்கறதுக்குத்தான மீட்டிங்கே?" என்றார் பாபு. "அல்லாரையும் கேட்டுகினு அப்பால போட்டா ஆவாதா?"

கூட்டம் தடங்கலில்லாமல் நடந்தால்தானே எல்லோரையும் கேட்க முடியும் என்று அவருக்கு நான் பொறுமையாக விளக்கினேன். "நீங்க படிச்சவங்க சார்" என்று சொல்லிவிட்டு, மழையிலேயே வந்து போட்டுவிட்டுப் போனார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணி. இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. திரையில் என் பெயரை எடுத்துவிட்டு 'கருத்துக் கேட்புத் தலைவர்' என்று போட்டுக்கொண்டேன். சொந்த மனைவி என்பதற்காகச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதனால் கோமதியை ஹாலில் டேப்லட்டோடு உட்காரச் சொல்லிவிட்டு, நான் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். காது முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் வேறு.

முதலில் ரங்கராஜன் சார் பேசினார். கண்ணாடி மாதிரி தெளிவான படம், மணி மணியாகக் குரல். கொள்கையை வரவேற்றார். அடுத்து அலுவலகக் கம்ப்யூட்டரோடு வந்த ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரும் வரவேற்றார்கள். ஒருவர் குரல்கூடத் தடைபடவில்லை. திட்டம் இவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது.

பிறகு மூன்றாம் மாடி தாமஸ் சார், செல்போனில் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் கனடாவில் இருக்கிற மகனோடு வீடியோவில் பேசுவார். "தலைவர் அவர்களே, இந்தத் திட்டத்துல அடிப்படையா ஒரு" என்று ஆரம்பித்தார். அதோடு வாய் திறந்தபடி நின்றுவிட்டார். நான் சில வினாடிகள் காத்திருந்துவிட்டு, "நன்றி தாமஸ் சார், மிகச் சுருக்கமாகப் பேசினீர்கள்" என்றேன். அடுத்தவர் வீட்டிலிருந்து ஒரு நெற்றி மட்டும் வந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு மின்விசிறி. அது சுற்றாமல் நின்றிருந்ததைப் பார்த்து, பாவம், அவர்கள் வீட்டில் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் கோமதி தெரிந்தாள். வலது கையை நன்றாகத் தூக்கியிருந்தாள். கை இறங்கவே இல்லை. என்ன உறுதி, என்ன ஆர்வம் என்று நினைத்தேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ஹெட்போனைத் தாண்டியும் லேசாகக் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது, டேப்லட் விஷயமாகத் தனியாகப் பேச வந்திருக்கிறாள். விதி மூன்று. நான் அசையவில்லை. மறுபடி தட்டல். இந்தத் தடவை பலமாக. நான் மைக்கில், எல்லோரும் கேட்கும்படியாக, "கூட்டம் முடியும்வரை யார் தட்டினாலும் கதவு திறக்கப்படாது. அது சொந்த வீட்டாராக இருந்தாலும் சரி" என்று அறிவித்தேன். ரங்கராஜன் சார் கைதட்டினார். என் மனசாட்சியை நானே முதுகில் தட்டிக்கொடுத்தேன். அதற்குள் கதவின் தட்டல் தாளம் மாறி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நான் ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

ஆறு ஐம்பதுக்கு வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் கை தூக்கவும் என்றேன். ஏழு பேர் தூக்கினார்கள். எட்டாவதாகக் கோமதி, இன்னும் அதே கையோடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் யோசனை எதையும் முதல் தடவையிலேயே அவள் ஒத்துக்கொண்டதில்லை. நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எதிர்ப்பவர்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. அவசரப்பட்டான் என்று பேச்சு வரக்கூடாதே என்று முழுசாக அரை நிமிடம் காத்திருந்தேன். நெற்றி அசையவில்லை, மின்விசிறி அசையவில்லை, தாமஸ் சார் வாயை மூடக்கூட இல்லை. "எதிர்ப்பு எதுவும் இல்லாததால், கொள்கை ஒருமனதாக நிறைவேறியது" என்று அறிவித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, வெற்றி வீரனாகக் கதவைத் திறந்தேன்.

வெளியே கோமதி நின்றாள். கை அப்படியே தூக்கியிருந்தது, தட்டுவதற்காக. அவளுக்குப் பின்னால் எங்கள் ஹாலில் பன்னிரண்டு பேர். எங்கள் படிக்கட்டில் சாரல் அடிக்கும், எல்லோரும் நனைந்திருந்தார்கள். மின்விசிறி வீட்டம்மா இருந்தார். நெற்றிக்குச் சொந்தக்காரரும் இருந்தார். முழுசாகப் பார்த்தபோது அவர் முகம் கோபமாக இருந்தது.

தாமஸ் சார்தான் முதலில் பேசினார். "சார், நான் பேசினது எதுவரைக்கும் கேட்டுச்சு?"

"'அடிப்படையா ஒரு' வரைக்கும் சார்."

"அதுக்கப்புறம் பத்து நிமிஷம் பேசினேன் சார்" என்றார் வருத்தத்தோடு. "நல்லாப் பேசினேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். செல்போனில் வந்தவர், டேப்லட்டில் வந்தவர் எல்லோரும் உள்ளே வருவதும் விழுவதுமாக இருந்திருக்கிறார்கள். குழுவில் எழுதினால் அதுவும் போகவில்லை. எங்கள் கட்டடத்தில் மழை நாளில் மொபைலில் இன்டர்நெட் எட்டிப் பார்க்காது, பேசத்தான் முடியும்; பேசக் கூப்பிட்டால் தலைவர் எடுக்கவில்லை. கடைசியில் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று இறங்கி வந்தால், தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுநிலையாக இருக்கிறார். பெட்டியில் நான் போடச் சொன்ன ஏற்பாடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோமதி என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற முகம் ஆயிற்றே, அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஏதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். "ஏழு மணிக்கு எனக்குக் கிளாஸ். பதினோரு குழந்தைங்க வந்து உக்காந்திருப்பாங்க" என்றாள். "எங்களக் கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு வாரமாக ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவள் வரைந்துகொண்டிருந்த படங்கள் சோபா மேல் வரிசையாக அடுக்கி இருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையிலேயே, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பாபுவைக் கூப்பிட்டேன். பெட்டியை நேரில் வந்துதான் மாற்ற முடியுமாம். மழைக்குக் கேம்ப் ரோட்டில் ஒரு கடையோரம் ஒதுங்கியிருந்தார். "வந்துகினே கீறேன் சார்" என்றார். வந்துகொண்டே இருக்கிறேன் என்று அவர் சொன்னால் குறைந்தது ஒரு மணி நேரம். மணி ஆறு ஐம்பத்தைந்து.

கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, படங்களை வாரி எடுத்து, என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டடத்திலேயே வேகமான வரிசையில் நிற்கிற மடிக்கணினி அங்கேதானே இருந்தது. கூட்டத்தை மூடினால் அதன் பின்னால் கிரிக்கெட் ஸ்கோர். கதவருகே நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அலுவலகப் பணி.

அந்த நேரம் பார்த்து ரங்கராஜன் சார் என்னை வாழ்த்துவதற்காகக் கீழே வந்தார். விஷயத்தைக் கேட்டார். உள்ளே கோமதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அப்படியே திரும்ப மாடிக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தார். சனிக்கிழமையும் விடாத அமெரிக்கா அரை மணி காத்திருக்கட்டும் என்றார். மற்ற ஆறு பேரையும் அவரே கூப்பிட்டு அணைக்கச் சொன்னார். நான் நூறு பக்கம் படித்தும் எனக்குத் தோன்றாத கொள்கை அது.

வகுப்பு ஏழு மூன்றுக்கு ஆரம்பித்தது. ஹாலில் எல்லோரும் மூச்சு விடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். முதல் கேள்வியே ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "டீச்சர், உங்க பேரு தமிழ்ல 'கருத்துக் கேட்புத் தலைவர்'னு வருதே?"

"ஆமாம்மா, இன்னிலேருந்து அப்படித்தான்" என்றாள் கோமதி, என் பக்கம் திரும்பாமலே.

"ஏன் டீச்சர் லேட்டு?"

"எங்க வீட்ல ஒரு மாமா கதவத் தொறக்கலைம்மா."

மஸ்கட்டில் பதினோரு குழந்தைகளும் சிரித்தார்கள். அப்பா அம்மாக்களும் சிரித்தார்கள். பிறகு அவள் விடுகதை போட்டாள். குழந்தைகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹாலிலிருந்து தாமஸ் சார் பொறுக்க முடியாமல் விடையைச் சொல்லிவிட்டார். அது யார் குரல் என்று கேட்டார்கள். "அவரும் இன்னிக்குப் புதுசா சேர்ந்திருக்கார்" என்றாள். நான் அவள் வகுப்பை அன்றுவரை ஒரு நாள்கூட முழுசாகக் கவனித்ததில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் எங்கள் ஹாலிலேயே இன்னொரு தடவை கருத்துக் கேட்பு நடந்தது. கோமதியே தலைமை தாங்கினாள். விதி எதுவும் கிடையாது, எல்லோரும் வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டே பேசினார்கள். தாமஸ் சார் தன்னுடைய பத்து நிமிஷத்தையும் முதலிலிருந்து பேசினார். நான் சமையலறைக்கும் ஹாலுக்குமாகத் தட்டு தூக்கினேன். எந்த மெஷினுக்கும் முதலிடம் வேண்டாம், அன்றன்றைக்கு யாருக்கு வகுப்போ நேர்முகத் தேர்வோ முக்கியமான பேச்சோ இருக்கிறதோ அவர்கள் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதிவைப்பது, மற்றவர்கள் அந்த நேரம் படம் இறக்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எட்டரைக்குப் பாபு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பஜ்ஜித் தட்டோடு நிற்கிற என்னைப் பார்த்தார். "இன்னா சார், கேட்டாச்சா?" என்றார். "கேட்டாச்சு பாபு" என்றேன். பெட்டியைப் பழையபடி மாற்றிவிட்டு நாலு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் அந்த வாரமே சேர்ந்துவிட்டார்கள். அடுத்த தேர்தலில் கோமதி செயலாளர் ஆனாள். அது நிஜமாகவே ஒருமனதாக. ஐந்து வருஷமாக அவள்தான். எனக்கு இப்போது சாயங்காலம் நிம்மதியாகப் போகிறது. ஏழு மணி வகுப்புக்கு முன்னால் அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. பலகையில் எழுதிவைப்பதும் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று.

போன விடுமுறையில் அந்த மஸ்கட் பெண்களில் ஒருத்தி அப்பா அம்மாவோடு ஊருக்கு வந்திருந்தாள். வண்டலூரில் மிருகங்களைப் பார்த்துவிட்டு, டீச்சரையும் பார்த்தே ஆக வேண்டும் என்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் வாசல் கதவைத் திறந்தேன். பதினோரு பன்னிரண்டு வயதிருக்கும், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் கதவத் தொறக்காத மாமாவா?"

தெளிவான, தயக்கமில்லாத தமிழ். சொல்லிக்கொடுத்தவள் உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. ஆமாம்மா, நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப டீச்சர உள்ள விடறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

"இப்ப அவங்கதாம்மா என்னை உள்ள விடணும்" என்றேன். அவள் திரும்பி, "டீச்சர், இந்த மாமாவ விடலாமா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பதில் வரும்வரை நான் என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.